பள்ளி வாசலுக்கு முந்திய ஆறு ஆண்டுகள்

(இளங்கலை உளவியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் பாட்டிமார் வாய்மொழி. பிள்ளைகளை அடக்கி வளர்க்க வேண்டும் என்பதற்காகவே பெரியோர் இப்பழமொழியைப் பெரும்பாலும் எடுத்தாள்கின்றனர். உளவியல் பயிலும் மாணவி என்ற முறையில் நான் இதனைச் சிந்திக்கும்போது, இதற்குள் வேறோர் உண்மையும் பொதிந்திருக்கக் காண்கிறேன். கண் காணக் கற்பதும், காது பேச்சைப் பிரித்தறியக் கற்பதும், கால் நடக்கக் கற்பதும், நா மொழியைப் பழகுவதும் ஐந்து வயதுக்குள்ளேயே பெரும்பாலும் நடந்தேறி விடுகின்றன. எல்லாப் புலன்களும் நன்கு அமைந்த குழந்தைக்கு இவை யாரும் கற்பிக்காமலே கைகூடுகின்றன. ஏதேனும் ஒரு குறைபாட்டுடன் பிறந்த குழந்தைக்கோ, அதே ஐந்தாண்டுகளில் பிறர் துணை வேண்டியிருக்கிறது. அத்துணை உரிய காலத்தில் கிடைத்ததா, காலங்கடந்து கிடைத்ததா என்பதைப் பொறுத்தே அக்குழந்தையின் எஞ்சிய வாழ்நாள் பெரிதும் அமைகிறது. இத்துணையைத்தான் 'ஆரம்பநிலை இடையீடு' என்று இன்று வழங்குகின்றனர். இதனைப் பற்றி நான் கற்றவற்றையும் கண்டவற்றையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறேன்.

ஆரம்பநிலை இடையீடு என்பது யாது?

பிறப்பு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் காணப்படும் குறைபாட்டையோ வளர்ச்சித் தாமதத்தையோ இயன்றவரை விரைவில் கண்டறிந்து, மருத்துவம், பயிற்சி, கல்வி, குடும்பத்திற்கு வழிகாட்டல் ஆகிய நான்கையும் ஒருங்கே அளிப்பதே ஆரம்பநிலை இடையீடு. இது மருத்துவர் ஒருவரால் மட்டும் ஆகக்கூடிய பணியன்று. கை கால்களின் இயக்கத்தைச் சீராக்கும் இயன்முறை மருத்துவர், செவித்திறனை அளந்து பேச்சுப் பயிற்சி தருபவர், பார்வையைச் சோதிப்பவர், உளவியலார், சிறப்பாசிரியர், சமூகப் பணியாளர் எனப் பலரும் கைகோத்துச் செய்வது. இவர்கள் அனைவருக்கும் நடுவே நிற்பவள் அக்குழந்தையின் தாய். பயிற்சியாளர் குழந்தையைக் காண்பது வாரத்தில் ஒரு மணி நேரம். எஞ்சிய நேரமெல்லாம் குழந்தை தாயின் கையில் அல்லவா இருக்கிறது?

காலம் ஏன் பெரிதாகிறது?

டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற அறிஞர் இருவர் 1960களில் பூனைக்குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினர். பிறந்த சில நாட்களில் குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடிவிட்டு, சில மாதங்கள் கழித்துத் திறந்தனர். கண்ணில் பழுது ஏதும் இல்லை. ஆயினும் குட்டியால் அக்கண்ணால் பார்க்க முடியவில்லை. பார்வை பழக வேண்டிய பருவத்தில் ஒளியின் செய்தி வராமற்போகவே, மூளையில் அக்கண்ணுக்குரிய இடத்தையும் மற்றக் கண்ணே எடுத்துக்கொண்டது. வளர்ந்த பூனையின் கண்ணை இவ்வாறே மூடித் திறந்தபோது இத்தகைய தீங்கு நேரவில்லை. மூளைக்கும் பருவங்கள் உண்டு என்பதை இவ்வாய்வு தெளிவாக்கியது. இவ்விருவரும் 1981ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். பிறவிக் கண்புரையுடன் பிறந்த குழந்தைக்கு முதற்சில மாதங்களிலேயே அறுவை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இப்போது விளங்கும்.

காலத்தின் அருமையைக் காட்டும் வேறு சில எடுத்துக்காட்டுகளும் உள. தைராய்டு சுரப்பு குறைந்து பிறக்கும் குழந்தை, பிறந்தபோது பிற குழந்தைகளைப் போலவே தோன்றும். குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்து, முதல் இரண்டொரு வாரங்களில் மாத்திரை தொடங்கினால் அக்குழந்தை நல்லறிவுடன் வளரும். மாதக்கணக்கில் தாமதித்தால் அறிவுத்திறன் குன்றிவிடும். பின்னர் எத்துணை மாத்திரை கொடுத்தும் இழந்ததை முழுதும் மீட்க இயலாது. வளைபாதத்துடன் பிறந்த குழந்தைக்கு, எலும்பு இளகியிருக்கும் முதல் வாரங்களிலேயே வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பாதத்தை மெல்ல நேராக்கி விடுகின்றனர். செவிப்புலனைப் பொறுத்தமட்டில், ஒரு மாதத்திற்குள் முதற்சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் அறியப்பட்ட விதி.

ஐயோவாவில் நிகழ்ந்த ஒரு சோதனை

மேற்கூறியவை உடலைச் சார்ந்தவை. அன்பும் பேச்சும் விளையாட்டும் குழந்தையின் அறிவையே உயர்த்துமா என்ற வினாவுக்கு விடை தேடினால், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திற்குச் செல்ல வேண்டும். 1930களில் ஹெரால்டு ஸ்கீல்ஸ் என்ற உளவியலார் அங்கிருந்த அனாதை இல்லக் குழந்தைகளைச் சோதித்து வந்தார். இடநெருக்கடி மிக்க அவ்வில்லத்தில் கைக்குழந்தைகள் தொட்டிலிலேயே கிடந்தன. தூக்கிக் கொஞ்ச ஆளில்லை. அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட, மூன்று வயதுக்குட்பட்ட 13 குழந்தைகள், அறிவுசார் குறைபாடுடைய பெண்கள் தங்கியிருந்த வேறொரு விடுதிக்கு அனுப்பப்பட்டன. அப்பெண்களும் பணியாளர்களும் அக்குழந்தைகளைத் தம் மக்களாகவே ஏற்று, தூக்கினர், பேசினர், விளையாடினர்.

விளைவு வியப்பூட்டுவது. அப்பதின்மூவரின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 27 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. அனாதை இல்லத்திலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகளுக்கோ ஏறத்தாழ 26 புள்ளிகள் குறைந்தது. அவர்கள் பெரியவர்களான பின் ஸ்கீல்ஸ் மீண்டும் தேடிச் சென்று கண்டவற்றை 1966ஆம் ஆண்டு வெளியிட்டார். முதற்குழுவினர் அனைவரும் தம் காலில் நின்றனர். அவர்களது கல்வியின் நடுமட்டம் பன்னிரண்டாம் வகுப்பு. மற்றக் குழுவின் நடுமட்டம் மூன்றாம் வகுப்பைக்கூட எட்டவில்லை. குழு மிகச் சிறியது என்றும், ஆய்வு முறையில் குறை உண்டென்றும் கூறியோர் உளர். அஃது உண்மையே. ஆயினும் 'பிறவிக் குறை, இனிச் செய்வதற்கில்லை' என்று கைவிட்டு விடும் மனப்போக்கை முதன்முதலில் உலுக்கியவற்றுள் இவ்வாய்வும் ஒன்று.

நான் அறிந்த இரு குழந்தைகள்

நூல்வழி அறிந்ததை நேரில் காணும் வாய்ப்பு எனக்கு என் உறவினர் வீட்டிலேயே கிட்டியது. என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, சொந்த மாமன் மகனை மணந்தவர். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். இருவருக்கும் பிறவியிலேயே கடுமையான செவித்திறன் குறைவு. நெருங்கிய உறவில் மணம் புரிவோரின் குழந்தைகளுக்கு இக்குறை நேரும் வாய்ப்பு கூடுதல் என்பது மருத்துவ உண்மை.

மகனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. அக்கா கவலைப்பட்டபோதெல்லாம் அவருடைய மாமியார், "அவன் அப்பனும் நாலு வயசுக்குத்தான் வாயைத் திறந்தான். ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும். நீ ஏம்மா பதறுறே?" என்று ஆறுதல் கூறுவார். அழைத்துச் சென்ற மருத்துவமனை ஒன்றிலும் இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்றே அனுப்பிவிட்டனர். இறுதியில் உண்மையைக் கண்டுபிடித்தவர் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். சத்துணவு நேரத்தில் எவர்சில்வர் தட்டொன்று கீழே விழுந்தது. எல்லாக் குழந்தைகளும் திரும்பிப் பார்க்க, இவன் மட்டும் திரும்பவில்லை. அன்று மாலையே அவர் வீடு தேடி வந்து, "தம்பிக்குப் பேச்சு வராததுக்குக் காதுதாம்மா காரணமா இருக்கும். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். காதுக்குக் கருவி பொருத்தும்போது அவனுக்கு வயது நான்கு.

அண்ணனுக்கு நேர்ந்ததை அறிந்திருந்ததால், தங்கை பிறந்த முதல் மாதத்திலேயே சோதனை செய்யப்பட்டது. உறங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியொன்றை வைத்துச் சில நிமிடங்களில் முடிக்கும் எளிய சோதனை அது. ஆறாம் மாதத்தில் கருவியும் பயிற்சியும் தொடங்கின.

இன்று அண்ணன் ஐந்தாம் வகுப்பு. தங்கை முதல் வகுப்பு. இருவரும் அறிவுடைய பிள்ளைகளே. ஆனால் தங்கை காக்கை வடை திருடிய கதையை மூச்சுவிடாமல் சொல்கிறாள். அண்ணனோ ஒவ்வொரு வாக்கியத்தையும் தேடித் தேடிச் சேர்க்கிறான். நம் தமிழில் பொருளை மாற்றும் உருபுகள் சொல்லின் இறுதியில், ஓசை மெலியும் இடத்தில் வருகின்றன. 'வீட்டுக்கு', 'வீட்டில்', 'வீட்டிலிருந்து' ஆகிய மூன்றும் அவனுக்கு நெடுநாள் ஒன்றாகவே இருந்தன. தாய் ஒருத்தி, வீடு ஒன்று, குறையும் ஏறத்தாழ ஒன்றே. கருவி வந்த காலத்தில்தான் மூன்றரை ஆண்டு வேற்றுமை. இரு குழந்தைகளை வைத்துப் பொதுவிதி கூறிவிட முடியாது. குழந்தைக்குக் குழந்தை இயல்பு வேறுபடும். ஆயினும் ஆய்வேடுகளில் நான் படித்த செய்தியை இவ்விருவரும் நாள்தோறும் எனக்கு விளக்கிக் கொண்டிருக்கின்றனர்.

வீடே முதற்பள்ளி

கருவியைப் பொருத்திவிட்டால் குழந்தை தானே பேசிவிடும் என்று பலர் கருதுகின்றனர். கருவி ஒலியைத் தான் தரும்; அவ்வொலிக்குப் பொருள் தருவது வீடு. விடுமுறை நாட்களில் அக்காவின் வீட்டில் தங்கி நான் கவனித்தவை பல. காலையில் எழுந்ததும் 'ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம்' என்ற ஆறு ஒலிகளைத் தம் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய் எழுப்புவார். குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு மணியைக் கிண்ணத்தில் போடும். பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை இவ்வாறு ஒலிகளும் தொட்டுவிடுகின்றன. டேனியல் லிங் என்ற அறிஞர் வகுத்த இச்சோதனையால், கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பின்னர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, குழந்தையைக் கையெட்டும் தூரத்தில் அமர்த்திக்கொண்டு, "வெண்டைக்காய் கழுவலாமா? தண்ணி ஜில்லுன்னு இருக்கா? இப்போ நறுக்கலாமா?" என்று சமையல் முழுவதையும் பேச்சாக்குவார். கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருத்தலே பயிற்சியின் உயிர் என்று அவருக்குக் கற்பித்திருந்தார்கள்.

வீட்டிற்கே சென்று பெற்றோரைப் பயிற்றுவிக்கும் முறைக்கு முன்னோடியாக விளங்குவது, 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்டேஜ் என்ற ஊரில் தொடங்கிய திட்டம். கிராமங்கள் தொலைதூரம் பரவிக் கிடந்தமையால் குழந்தைகளை ஒரு மையத்திற்கு நாள்தோறும் வரவழைக்க இயலவில்லை. ஆகவே பயிற்சியாளரே வாரம் ஒருமுறை வீட்டிற்குச் சென்றார். அடுத்த வாரத்திற்குள் குழந்தை கற்கக்கூடிய சிறு செயல் ஒன்றைத் தேர்ந்து, தாய்க்குச் செய்து காட்டி, தாயைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இம்முறை நம் நாடு உட்படப் பல நாடுகளுக்குப் பரவியது.

இதன் அடிப்படை மிக எளியது: பெரிய செயலைச் சிறு படிகளாக உடைத்தல். அறிவுசார் குறைபாடுடைய குழந்தைக்குக் கால்சட்டை அணியக் கற்பிப்பதாகக் கொள்வோம். எல்லாவற்றையும் தாயே செய்து, முழங்காலிலிருந்து இடுப்பு வரை இழுத்துவிடுவதை மட்டும் குழந்தையிடம் விடுவார். அது பழகியபின் கணுக்காலிலிருந்து இழுக்கச் செய்வார். அதன்பின் கால் நுழைப்பது. இவ்வாறு கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிக்கையில், ஒவ்வொரு முறையும் 'நான் முடித்துவிட்டேன்' என்ற மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்கிறது.

நம் வழக்கங்கள் சிலவும் இதற்குத் துணை நிற்கின்றன. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் சிலருக்குக் கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும். கால்களை அகற்றி இடுப்பில் வைத்துத் தூக்கும் நம் தாய்மாரின் பழக்கம் அத்தகைய குழந்தைக்கு உகந்த பயிற்சியே ஆகும். அடுக்களைச் சுவரின் மூலையில் சாய்த்து உட்கார வைத்தால் உடல் நிமிர்கிறது. கைகள் விளையாட விடுபடுகின்றன. பொருட்செலவின்றிச் செய்யத்தக்கவை எத்தனையோ உள. சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதே குறை.

நம் நாட்டில் உள்ள ஏற்பாடுகள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுள் 20.42 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகள். இது அவ்வயதுக் குழந்தைகளில் 1.24 விழுக்காடு. சிறு வயதில் பல குறைகள் வெளிப்படத் தெரிவதில்லை; பெற்றோர் சொல்லத் தயங்குவதும் உண்டு. ஆகவே உண்மை எண்ணிக்கை இதனினும் கூடுதலாகவே இருக்கும் என எண்ண இடமுண்டு.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 54,000. குழந்தைகளைப் பிறப்பு முதல் 18 வயது வரை சோதிக்கும் 'ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம்' என்னும் நடுவண் அரசுத் திட்டம் 2013இல் வந்தது. பிறவிக் குறைகள், நோய்கள், சத்துக் குறைவுகள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகிய நான்கு வகையில், தொடங்கியபோது 30 நிலைகளைக் கண்டறிய இத்திட்டம் வகுக்கப்பட்டது. நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும் என்பது விதி. குறை கண்ட குழந்தைகள், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்திற்கு அனுப்பப்படுகின்றனர்.

தொண்டு நிறுவனங்களின் பணியும் போற்றத்தக்கது. செவித்திறன் குன்றிய மழலையருக்கென்றே சென்னையில் 1969 முதல் பால வித்யாலயா நடந்து வருகிறது. 1981இல் தோன்றிய ஆய்க்குடி அமர் சேவா சங்கம், ஊர்ப்புறப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, தென்மாவட்டக் கிராமங்களில் வீடு தேடிச் சென்று இடையீட்டுப் பணியைச் செய்கிறது.

இத்துணை இருந்தும் இடைவெளி எங்கே? மையம் மாவட்டத் தலைநகரில், குழந்தை கிராமத்தில். பயிற்சியோ வாரந்தோறும் வேண்டும். நடக்கவியலாக் குழந்தையை இடுப்பில் சுமந்து, இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடுகிறது. நான்கு வாரம் சென்றவர் ஐந்தாம் வாரம் நின்றுவிடுவதில் வியப்பென்ன? பயிற்சி அங்கன்வாடிக்கும் வீட்டு வாசலுக்கும் வந்தாலன்றி இக்குறை தீராது.

சட்டம் தொடங்கும் வயது

இங்கே சட்டத்தையும் நோக்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையை வழங்கியது. ஆறு வயதுக்கு முந்திய பருவத்தைப் பற்றிக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறுவது, மூன்று முதல் ஆறு வயதினருக்கு முன்பருவக் கல்வி அளிக்க அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்பதே. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் பராமரிப்பையும் கல்வியையும் குறிப்பிடுகிறது. ஆயினும் அது நீதிமன்றத்தில் வழக்காட இயலாத வழிகாட்டு நெறி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறுவது நற்செய்தி. எனினும் குறை கண்டபின் அடுத்த வாரமே பயிற்சி கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இந்நிலையே இருந்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிப் பருவத்தையே முதன்மையாகக் கருதிற்று. 1986இல் வந்த திருத்தம் மூன்று முதல் ஐந்து வயதினருக்கும் அவ்வுரிமையை நீட்டியது. பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ளோருக்கு மாநிலங்கள் தனிச்சேவை அமைக்கவும் வழிசெய்தது. அச்சேவையில் திட்டம் வகுக்கப்படுவது குழந்தைக்கு மட்டுமன்று, குடும்பம் முழுவதற்கும். இயற்கை திறந்துவைக்கும் வாயில் ஆறு வயதுக்கு முன்னரே பெரிதும் அடைபடத் தொடங்குகிறது. நம் சட்டத்தின் வாயில் ஆறு வயதில்தான் திறக்கிறது. இம்முரண்பாட்டை நீக்குவது நம் தலைமுறையின் கடமையாகும்.

நாம் செய்யத்தக்கவை

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். அவற்றோடு ஊர்த் தாய்மாருக்குச் சில அடையாளங்களையும் எடுத்துக் கூறலாம். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காமை, ஐந்து மாதமாகியும் தலை நில்லாமை, ஆறேழு மாதமாகியும் ஓசை வந்த பக்கம் திரும்பாமை, பத்து மாதமாகியும் தானே உட்காராமை, ஒன்றரை வயதாகியும் நடக்காமை, அவ்வயதில் ஒரு சொல்லேனும் பேசாமை, இரண்டு வயதாகியும் 'அம்மா வா' என இரு சொல் சேர்க்காமை, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராமை ஆகியவை கவனிக்க வேண்டியவை. இவற்றுள் ஒன்று இருந்தால் குறை உறுதி என்று பொருளன்று. ஆனால் காத்திராமல் சோதிக்க வேண்டும் என்று பொருள். சோதித்துக் குறையில்லை என்று தெரிந்தால் இழப்பு ஒரு நாள். சோதிக்காமல் விட்டுக் குறை இருந்துவிட்டால் இழப்பு ஒரு பருவம்.

முடிவுரை

மாற்றுத்திறன் குழந்தைக்கு நாம் காட்ட வேண்டியது இரக்கம் என்று கருதுவோர் இன்னும் பலர். இரக்கம் எந்த வயதிலும் காட்டலாம், பயிற்சிக்கோ வயதுண்டு. தட்டு விழுந்த ஓசைக்குத் திரும்பாத குழந்தையைக் கண்டுகொண்ட அங்கன்வாடிப் பணியாளரைப் போன்ற கூரிய கண்கள் ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். அக்கண்கள் கண்டதை ஏற்றுப் பயிற்சி தருவோர் ஒவ்வொரு வட்டாரத்திலும் வேண்டும். 'செய்யலாம்' என்றுள்ள சட்டச்சொல் 'செய்ய வேண்டும்' என மாற வேண்டும். நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் செய்தியாளராகவும் பெற்றோராகவும் ஆகப்போகும் நம் கல்லூரித் தோழர் தோழியர் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாயின், பள்ளி வாசலை மிதிக்கும் முன்னரே பாதி வாழ்வை இழந்துவிடும் மழலையர் இல்லாத நாடாக நம் நாடு விளங்கும்.